கிளீனர் பக்கத்து ஸ்டியரிங்

(வெளிநாட்டுக்கு ஓட்டுநர் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் முன்னிலையில் திருவக்கரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்துக் கல்குவாரிகளில் டிப்பர் ஓட்டித்தான் நான் பிழைப்பைத் தொடங்கினேன். 1996-ல் சவுதி அரேபியாவுக்குப் போய், தம்மாம் நகரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பதின்மூன்று வருடம் லாரி ஓட்டினேன். 2009-ல் ஊர் திரும்பியதிலிருந்து ஓட்டுநர் பயிற்சி கொடுத்துவருகிறேன். நம் வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் போகிறவர்கள் விசா, சம்பளம், ரூம், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். அங்கே வண்டி சாலையின் மறுபக்கத்தில் ஓடும் என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. “அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடும்ணா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு நாளைப் பற்றியும், அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றியும்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மேடைக்கு வருமுன் வக்கிரகாளியம்மன் சன்னதிக்குப் போய்விட்டு வந்தேன். இந்தத் தலத்தின் விசேஷம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் என்று எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதில்லை. காளியை வலமாகவும் சுற்றுகிறோம், இடமாகவும் சுற்றுகிறோம். சின்ன வயதிலிருந்து அப்படிச் சுற்றியவன் நான். வலச் சுற்றுகளை முடித்துவிட்டு, திரும்பி, இடமாக முதல் அடி வைக்கும்போது உடம்பு ஒரு கணம் தயங்கும். கால் எங்கே வைப்பது என்று மனசு ஒருமுறை கேட்டுக்கொள்ளும். அந்தத் தயக்கத்தை இன்றைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

வலம் வரும்போது சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். இடப்பக்கமாக வண்டி ஓட்டும் நம் நாட்டு ரவுண்டானாவும் அப்படித்தான். நடுத்திட்டு ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் இருக்கும். தம்மாமில், துபாயில், பாரிசில் நடுத்திட்டு இடக்கைப் பக்கம் வந்துவிடும். பிராகாரத்தில் எதிரெதிராக வருகிறவர்கள் தோளைச் சாய்த்து ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொள்ளலாம். பாரம் ஏற்றிய லாரியால் அப்படிச் சாய முடியாது.

லாரிக்காரர்கள் பேச்சில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்வது குறைவு. இடப்பக்கத்துக்குக் கிளீனர் சைடு, வலப்பக்கத்துக்கு டிரைவர் சைடு. “கிளீனர் சைடு டயரைப் பாரு”, “டிரைவர் சைடு லைட் எரியல” என்றுதான் பேசுவோம். நான் குவாரியில் ஓட்டிய காலத்தில் என் இடப்பக்கத்துக்குக் காவல் கிளீனர்ப் பையன்தான். குறுகலான இடத்தில் தலையை வெளியே நீட்டி, கதவைத் தட்டி, “வரலாம், வரலாம்” என்று அவன் குரல் கொடுப்பான். எனக்குத் தெரியாத பக்கம் முழுக்க அவன் கண்ணில் இருந்தது.

தம்மாமில் முதல் நாள் லாரிக் கதவைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவுக்குத்தான் போயிருந்தேன். உள்ளே ஸ்டியரிங் இல்லை. சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தபோது, கிளீனர் இடத்தில் உட்கார்ந்து வண்டியை ஓட்டச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பக்கத்தில் கிளீனரும் கிடையாது. அங்கே அந்த வேலையே இல்லை. எனக்குத் தெரியாத பக்கம் இப்போது வலப்பக்கம். அதற்குக் காவல் கண்ணாடி ஒன்றுதான்.

மாட்டு வண்டி வைத்திருந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இடத்து மாடு, வலத்து மாடு என்று பிரித்துத்தான் பழக்குவோம். வருடக்கணக்காக இடத்தில் பூட்டிய காளையை ஒருநாள் வலத்தில் பூட்டினால் என்ன ஆகும்? அதே நுகத்தடிதான், அதே பாதைதான். ஆனாலும் காளை ஒதுங்கி ஒதுங்கிப் போகும். தன் துணை எந்தப் பக்கம் இருக்கிறது என்று உடம்பு தேடும். மனிதனுக்கும் முதல் வாரம் அதேதான் நடக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும்.

காலுக்கு எந்த மாற்றமும் இல்லை. உலகத்தில் எங்கே போனாலும் இடமிருந்து கிளச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்ற வரிசைதான். இதை முதலில் சொல்லக் காரணம், ஸ்டியரிங் மாறினால் பெடலும் மாறியிருக்குமோ என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மாறுவது கை. கியர் வலக்கைக்கு வந்துவிடும். முதல் சில நாள் கியர் போட இடக்கை தானாகக் கீழே போய்க் கதவில் முட்டும். காரிலும் பிக்கப்பிலும் இன்னொரு தொல்லை உண்டு. நம் ஊரில் ஓடும் மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் குச்சி வலக்கைப் பக்கம், வைப்பர் இடக்கைப் பக்கம். அங்கே தலைகீழ். திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுகிறோம் என்று நினைப்போம், வெயிலில் காய்ந்த கண்ணாடி மேல் வைப்பர் ஆடும். ஆடுவது பெரிய விஷயமில்லை. பின்னால் வருகிறவனுக்கு நாம் திரும்பப்போகிறோம் என்ற செய்தி போகவில்லை, அதுதான் விஷயம். ஆகவே வைப்பர் ஆடினால் உடனே திரும்பிவிடாதீர்கள். வைப்பரை நிறுத்துங்கள், இண்டிகேட்டரைப் போடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், பிறகு திரும்புங்கள்.

அடுத்தது, வண்டி ஒருபக்கமாக ஒதுங்குவது. இருபது வருடம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவனுடைய கண், சாலையில் தன் உடம்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்த பிறகும் அவன் அதே அளவுக்குத் தன் உடம்பைக் கொண்டுபோகப் பார்ப்பான். விளைவு, வண்டியின் மீதி அகலம் முழுக்க வலப்பக்கம் பிதுங்கும். புதிதாக வருகிறவர்கள் உரசிக்கொண்டு வருவது பெரும்பாலும் வலப்பக்கக் கண்ணாடியைத்தான். நடைபாதைக் கல்லில் ஏறும் டயரும் வலப்பக்க டயர்தான்.

இதற்கு எனக்கு மருந்து சொல்லிக்கொடுத்தவர் நாகூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். எனக்கு முன்பே பத்து வருடம் அங்கே ஓட்டியவர். முதல் வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தார். “தம்பி, வலது இடதுன்னு யோசிக்காதீங்க. யோசிச்சா குழம்பிடுவீங்க. நீங்க எப்பவும் ரோட்டோட நடுவை ஒட்டி இருக்கணும். அது போதும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கியிருந்தது. நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஓட்டுநர் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறார். அங்கே இடப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அப்போதும் ஓட்டுநர் நடுக்கோட்டை ஒட்டித்தான் இருக்கிறார். டிரைவர் நடுவில், கிளீனர் சைடு ஓரத்தில். நாடு மாறினாலும் இது மாறாது. நீங்கள் சாலையின் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பதாக ஒரு கணம் உணர்ந்தால், தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

இந்த விதி உடைந்த நாடு ஒன்று உண்டு. நமக்கு நன்றாகத் தெரிந்த பர்மாதான் அது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இடப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1970-ல் நே வின் ஆட்சியில் ஒரே உத்தரவில் வலப்பக்கம் மாற்றினார்கள். சாலை மாறியது, வண்டி மாறவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அங்கே ஓடியவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டியரிங் வலப்பக்கம். ஓட்டுநர் சாலை ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. பேருந்தின் கதவு நடுரோட்டுப் பக்கம் திறக்கும். பயணிகள் போக்குவரத்துக்குள் இறங்குவார்கள். பக்கத்தை மாற்றுவதென்றால் எத்தனை பொருளைச் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதற்கு அதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

திருப்பங்களைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊரில் இடப்பக்கம் திரும்புவது சின்ன வளைவு, ஓரமாகவே போய்விடலாம். வலப்பக்கம் திரும்புவது பெரிய வளைவு, எதிரே வருகிற வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே வலது சின்ன வளைவு, இடது பெரிய வளைவு. இஷாராவில், அதாவது சிக்னலில், நிற்கும்போதே “பெரிய வளைவு, பெரிய வளைவு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொண்டேன். பெரிய வளைவைச் சின்னதாக எடுத்தால் எதிர்ச் சாரியின் வாய்க்குள் நேராகப் போய் நிற்போம். நாற்கரச் சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கான சாரி அங்கே இடக்கோடி. பாரம் ஏற்றிய லாரிக்கு வலக்கோடி. முந்துவது இடப்பக்கமாக.

பிரான்சுக்குப் போகிறவர்கள் இங்கே நான்கைந்து பேர் இருப்பதாகச் சொன்னார்கள். நமக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவு பழையது. இந்த ஊரில் கல்லாகிக் கிடக்கும் பழங்கால மரங்களைப் பற்றி 1781-லேயே எழுதிவைத்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரி வழியாக எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய் நிலைத்துவிட்டன. இப்போது போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதலிடம். நீங்கள் பெரிய தெருவில் நேராகப் போய்க்கொண்டிருக்கலாம். வலப்பக்கச் சந்திலிருந்து ஒருவர் நிற்காமல் வருவார். சட்டப்படி அவர் செய்வது சரி. நம் ஊரில் பெரிய ரோட்டில் போகிறவனுக்கே வழி என்று பழகிய கண் அந்தச் சந்தைப் பார்ப்பதே இல்லை. பலகை வைத்த ரவுண்டானாவில் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முதலிடம்.

லண்டனில் இருக்கும் ஈழத் தமிழர்கள் பாரிசில் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்குத் தங்கள் காரிலேயே போவதுண்டு. இங்கிலாந்துக் கரையில் உள்ள போக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றினால், கடலுக்கடியில் 35 நிமிடம். பிரெஞ்சுக் கரையில் உள்ள கலேயில் இறங்கும்போது சாலை மறுபக்கம். அவர்களுடைய நிலைமை நம்மைவிடக் கஷ்டம். வண்டி இங்கிலாந்து வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கம், சாலை வலப்பக்கம். பர்மாக்காரர்போல ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். அந்தக் காரின் முன்விளக்கும் இடது ஓரத்தைப் பார்த்துச் சாய்ந்திருப்பது. பிரான்சில் அது எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும் என்பதால் கண்ணாடி மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இப்படி இரு கரையிலும் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு வாழ்கிற சனம் நம் சனம். மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் இடையில் கடல் தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். இரண்டிலும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். மொரீசியசில் பிரிட்டிஷ் ஆட்சி இருந்ததால் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ரீயூனியன் பிரான்சோடு இருப்பதால் வலப்பக்கம். எந்தக் கொடி எங்கே பறந்தது என்பதைச் சாலை இன்னும் மறக்கவில்லை. பிரிட்டனில் 1835-ல் நெடுஞ்சாலைச் சட்டம் போட்டு இடப்பக்கத்தைக் கட்டாயமாக்கினார்கள், அது நமக்கும் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்துக்கென்று தனியாக ஒரு நன்மையோ தீமையோ கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வாரம் ஆபத்தில்லை. நம்புங்கள். முதல் வாரம் பயம் இருக்கிறது. கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும், ரேடியோ போட மாட்டீர்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் மனசு ஒருமுறை கேட்டுக்கொள்ளும், காளி சன்னதியில் கால் தயங்குவதுபோல. அந்தத் தயக்கம்தான் காவல். அது போன பிறகுதான் ஆபத்து வருகிறது.

எனக்கு அது மூன்றாவது மாதம் வந்தது. விடிகாலை நான்கரை மணி இருக்கும். தம்மாமுக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி டீ குடித்தேன். ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது, அதை நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். பங்கிலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் பிடித்து ஓட்ட ஆரம்பித்தேன். சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. தப்பு என்று சொல்ல எதிரே ஓர் ஆள் இல்லை. அரை கிலோமீட்டர் போயிருப்பேன். தூரத்தில் இரண்டு விளக்கு தெரிந்தது. அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை அப்படியே சொல்கிறேன்: “யார்றா இவன், என் சைடுல வர்றான்?” அவன் விளக்கை அடித்து அடித்து அணைத்தான். பத்து வண்டி நீளத்துக்குள் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வலப்பக்கம் ஒடித்து மணலில் இறக்கி நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். வயதானவர். இறங்கி வந்து என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். சாலையைக் காட்டினார், என் கண்ணைக் காட்டினார், போய்விட்டார். அவர் வண்டியின் பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. கூட்டமான சாலையில் யாரும் பக்கம் மறப்பதில்லை, முன்னால் போகிறவனே வழிகாட்டி. வெறும் சாலையில்தான் மறக்கும். பெட்ரோல் பங்கை விட்டுக் கிளம்பும்போது, பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது, ஒருவழிப்பாதை முடிந்து இருவழிப்பாதைக்குள் நுழையும்போது, தூக்கக் கலக்கத்தில், வீட்டு நினைப்பில். ஆபத்து வந்து ஒரு சடுதித் தீர்மானம் எடுக்க வேண்டிய நேரத்திலும் உடம்பு பழைய பக்கத்துக்கே ஓடும். நான் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைத்தேன். வண்டியை எடுக்கும்போது அது கையில் படும். படும்போது ஒருமுறை கேட்டுக்கொள்வேன். பத்து வருடம் கழித்தும் அந்த நூலை அவிழ்க்கவில்லை.

சுவீடன் நாட்டின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஐரோப்பாவில் அண்டை நாடுகள் எல்லாம் வலப்பக்கம் ஓட்ட, அவர்கள் மட்டும் இடப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதிலும் அவர்களுடைய கார்களில் பெரும்பாலானவை ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ளவை. 1955-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது நூற்றுக்கு ஏறக்குறைய 83 பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் அரசு முடிவெடுத்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 4.50 மணிக்கு நாட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெதுவாக மறுபக்கம் மாறி நின்றன. 5 மணிக்குப் புறப்பட்டன. அதற்கு முன்பாகப் பேருந்துகளுக்கு மறுபக்கம் கதவு வைத்தார்கள், இரவோடு இரவாகப் பலகைகளைத் திருப்பினார்கள், கையுறைமேல்கூட நினைவூட்டும் எழுத்தை அச்சிட்டு விற்றார்கள்.

பெரிய நாசம் நடக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடக்கவில்லை. விபத்துகள் வழக்கத்தைவிடக் குறைந்தன. எல்லோரும் பயந்து, பார்த்து, மெதுவாக ஓட்டினார்கள். புதுப் பக்கம் பழகப் பழக, இரண்டு வருடத்துக்குள் விபத்துகள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டன. ஒரு நாடு முழுவதற்கும் நடந்தது தனி மனிதனுக்கும் நடக்கிறது. சுவீடனைப் போலவே ஐஸ்லாந்தும் 1968-ல் மாறியது. பஹ்ரைன் 1967-ல் மாறியது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு வந்தவர்களும் உண்டு. ஜப்பானின் ஒகினாவா தீவு 1978 ஜூலை 30-ல் வந்தது, சமோவா 2009-ல் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விற்கும் பழைய கார்கள் மலிவாகக் கிடைக்கும் என்பதுதான் சமோவாவின் கணக்கு.

குடும்பத்தை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஓட்டப் பழகிவிடுவீர்கள். உங்கள் மனைவிக்கும் பிள்ளைக்கும் நடக்க யார் பழக்குவது? நம் பள்ளிக்கூடத்தில் சாலையைக் கடக்க முதலில் வலது, பிறகு இடது, மறுபடி வலது பார் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே முதலில் இடது பார்க்க வேண்டும். இங்கிலாந்துத் தலைவர் சர்ச்சில்கூட இதில் தவறியவர்தான். 1931 டிசம்பர் 13 இரவு நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூவில் டாக்சியை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தார். இங்கிலாந்துப் பழக்கத்தில் தப்பான பக்கம் பார்த்துவிட்டு நடந்தார். கார் அடித்துத் தூக்கிப்போட்டது. பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம். லண்டன் சாலைகளில் நடப்பவர்களுக்காக எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தரையிலேயே எழுதிவைத்திருப்பது இப்படி வேறு நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகத்தான். ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ பேரக்குழந்தை பார்க்க வரவழைக்கும்போது, முதல் நாளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தெருமுனையில் நின்று பத்து முறை கடக்கச் செய்யுங்கள். பேருந்தில் கதவு வலப்பக்கம் என்பதையும் காட்டுங்கள்.

உரிமம் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அது சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கானது. வேலை விசாவில் போகிறவர் அந்த நாட்டு ருக்ஸாவை, அதாவது உரிமத்தை, வாங்கித்தான் ஓட்ட வேண்டும். அங்கே பயிற்சி வகுப்புக்குப் போகச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். “இருபது வருஷ அனுபவம், எனக்கென்ன பயிற்சி” என்று கேட்கிறவர்தான் அதிகம் தடுமாறுகிறார். அனுபவம் அதிகமாக அதிகமாக உடம்பில் பழைய பக்கம் ஆழமாக ஊறியிருக்கும்.

கடைசியாக, திரும்பி வருவதைப் பற்றி. இதை யாருமே சொல்வதில்லை.

ஊர் வந்த நான்காம் நாள் காலை, மச்சானுடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் கூட்டு ரோட்டுக்குப் போனேன். வெறும் சாலை. ரோட்டில் ஏறியதும் வலப்பக்கம் பிடித்தேன். எதிரே பால்காரர் வந்தார். ஒரே சத்தம் போட்டார். பதின்மூன்று வருடம் கழித்து என் சொந்த ஊர் எனக்கு வெளிநாடாகியிருந்தது. ஆகவே விடுமுறைக்கு வரும் தம்பிகளே, விமான நிலையத்தில் இறங்கிய அன்றைக்கே காரை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வராதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். கண் பழகட்டும்.

அது மறதியில் நடப்பது. இனிச் சொல்லப்போவது மறதியில் நடப்பதல்ல. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நான்கு வழிச்சாலையில் கூட்டேரிப்பட்டுக்கு அந்தப் பக்கம் என் அக்கா மகன் இரவு எட்டரை மணிக்கு வந்துகொண்டிருந்தான். சரியான பக்கத்தில், சரியான வேகத்தில். எதிரே ராங் சைடில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த திருப்பத்துக்குப் போய் வர வேண்டாம் என்று அவர் குறுக்கு வழி பிடித்திருந்தார். அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அக்கா மகனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் குவைத்தில் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு வந்தவர் என்று அவருடைய அப்பா சொன்னார். ஒன்பது வருடத்தில் ஒரு அபராதம்கூட இல்லை என்று சொல்லி அழுதார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஓட்டத் தெரியாதவராக இருந்தால் மனசு ஆறியிருக்கும். இரண்டு பக்கமும் ஓட்டத் தெரிந்தவர் அவர். பக்கம் என்றால் என்ன என்பதை நம் எல்லோரையும்விட அதிகமாகப் படித்தவர்.

அங்கே கேமரா இருக்கிறது, அபராதம் இருக்கிறது, ஜெயில் இருக்கிறது, அதனால் கட்டுப்படுகிறோம் என்பார்கள். அது பாதிதான். என் அனுபவத்தில், அந்நிய ஊரில் எதிரே யார் வருவார் என்று நமக்குத் தெரியாது, அதனால் எல்லோருக்கும் வழி விடுகிறோம். நம் ஊரில் எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். “இந்த நேரத்துல இங்க யாரும் வரமாட்டாங்க” என்கிறோம். அந்த யாரோ ஒருவராகத்தான் என் அக்கா மகன் வந்தான்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். நாடு முழுவதும் இப்படி இறப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் ராங் சைடு ஓட்டத்தால் இறக்கிறார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இருக்கிறது. கூட்டு ரோட்டில் நின்று தடுக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தக் கோயிலில் பௌர்ணமி இரவு 12 மணி ஜோதி தரிசனத்துக்குத் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வண்டிகள் வரும். தரிசனம் முடிந்து, தூக்கக் கண்ணோடு, எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். குவாரி லாரிகள் ஓடும் அதே சாலையில்தான் பைக்கில் குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ராங் சைடில் வருவார்கள். நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் ஓட்டிவிட்டு வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் குறைந்தது நூறு பேராவது இருப்போம். அவர்களில் பத்துப் பேர் வந்தால் போதும். இந்த ஊர் நுழைவில் ஐந்து பேர், பெரும்பாக்கம் கூட்டு ரோட்டில் ஐந்து பேர். கையில் டார்ச் லைட், மேலே பளபளக்கும் சட்டை. யாரையும் திட்ட வேண்டாம், கையைப் பிடிக்க வேண்டாம். தம்மாமில் அந்தப் பெரியவர் எனக்குச் செய்ததுபோலச் சாலையைக் காட்டி, கண்ணைக் காட்டி, இடப்பக்கம் திருப்பிவிட்டால் போதும். காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு எழுதிக்கொடுக்க நான் பொறுப்பு.

அடுத்த பௌர்ணமி இரவு பதினோரு மணிக்குப் பெரும்பாக்கம் கூட்டு ரோட்டில் நான் நிற்பேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மேடைக்குக் கீழே வந்து கொடுங்கள்.